முடியைத் தந்தது ரத்தமா, சொத்தா?

2022 செப்டம்பர் 8ந் தேதி இரண்டாம் எலிசபெத் ராணி காலமானார். 70 ஆண்டுகள் சிங்காதனத்தில் இருந்தவர் அவர். அவர் கண் மூடிய அதே விநாடியில் மூத்த மகன் சார்லஸ் மன்னராகிவிட்டார். ஓட்டுச் சீட்டு கிடையாது, போட்டி கிடையாது, யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. எட்டு மாதம் கழித்து, 2023 மே 6ந் தேதி, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்கு முடி சூட்டினார்கள். ஆயிரம் ஆண்டுகளாக அறுபடாமல் வரும் ராஜ பரம்பரை என்று உலகப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளின.

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களிலும் இந்த மன்னர்களின் பெயர்களையும் வருஷங்களையும் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். வில்லியம், ஹென்றி, எட்வர்டு, ஜார்ஜ் என்று நம் பாட்டன்மார் ஒப்பித்தார்கள். எந்த மன்னன் எப்போது வந்தான் என்பது அந்தப் பட்டியலில் இருந்தது. ஏன் வந்தான், யார் கொண்டுவந்தார்கள், யாருடைய லாபத்துக்காகக் கொண்டுவந்தார்கள் என்பது மட்டும் இல்லை.

அந்தப் பட்டியலை நாம் இன்னொரு முறை படித்துப் பார்ப்போம். தகப்பனுக்குப் பின் மகன் என்று சாதுவாக ஓடும் இடங்களை விட்டுவிடுவோம். வரிசை அறுந்துபோன இடங்களை மட்டும் பார்ப்போம். அந்த இடங்களில்தான் முடியைக் கொடுப்பவன் யார் என்ற உண்மை வெளியே தெரிகிறது.

வல்லான் வகுத்த வாய்க்கால்

1066ல் எட்வர்டு மன்னன் பிள்ளையில்லாமல் இறந்தான். நாட்டுப் பிரபுக்களின் சபை ஹெரால்டு என்பவனை மன்னனாக ஏற்றுக்கொண்டது. பிரான்சின் வட கரையிலிருந்த நார்மண்டியின் கோமகன் வில்லியம் தனக்கே பாத்தியதை என்றான். இவன் பெற்றோருக்கு முறையான கலியாணம் நடக்கவில்லை என்பது ஊரறிந்த விஷயம். அதனால் என்ன? படை இருந்தது. அக்டோபர் 14ந் தேதி ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் ஹெரால்டு மாண்டான். டிசம்பர் 25ந் தேதி வில்லியம் முடி சூடினான். ஆலயத்துக்குள் எழுந்த வாழ்த்தொலியைக் கலகம் என்று எண்ணிய நார்மன் காவலர்கள், வெளியே அக்கம் பக்கத்து வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். 'ஆயிரம் ஆண்டுப் பரம்பரை'யின் முதல் பட்டாபிஷேகம் இப்படி நடந்தது!

மூன்றாண்டுகளுக்குள் வடக்கே மக்கள் எதிர்த்து எழுந்தார்கள். வில்லியத்தின் படை ஊர்களை எரித்தது, தானியத்தையும் மாடுகளையும் அழித்தது. எஞ்சியவர்களைப் பஞ்சம் தின்றது. 1086ல் நாட்டின் நிலம், மாடு, ஆலை, குடி எல்லாவற்றையும் கணக்கெடுத்துப் பதிவேடு ஒன்று எழுதினார்கள். பழைய ஆங்கிலப் பிரபுக்களின் நிலத்தில் மிகப் பெரும் பகுதி நார்மன் பிரபுக்களின் கைக்குப் போய்விட்டதை அந்தப் பதிவேடே சொல்கிறது. முடி மாறியதன் உட்பொருள் நிலம் மாறியது என்பதுதான்.

அவனுடைய மகன் இரண்டாம் வில்லியம் 1100 ஆகஸ்டு 2ந் தேதி காட்டில் வேட்டையாடும்போது அம்பு பட்டு இறந்தான். மூத்த சகோதரன் ராபர்ட் சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் இருந்தான். இளையவன் ஹென்றி துக்கம் கொண்டாடிக் கொண்டிருக்கவில்லை. நேரே வின்செஸ்டருக்குக் குதிரையை விட்டு அங்கிருந்த கஜானாவைப் பிடித்துக்கொண்டான். மூன்றாம் நாள் முடி சூடிவிட்டான். பிற்பாடு அண்ணனையும் யுத்தத்தில் பிடித்துச் சிறையில் வைத்தான். 28 ஆண்டுகள் சிறையிலிருந்தே ராபர்ட் செத்தான். மூத்தவனுக்கே முடி என்ற தர்மம் எங்கே போயிற்று? கஜானாவின் சாவி யார் கையில் இருந்ததோ, அவன் பக்கம் போயிற்று!

பிரபுவின் சொத்தில் கை வைத்தவன்

1381ல் நடந்ததையும் 1399ல் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பிரான்சோடு நடந்த நெடும் யுத்தத்தின் செலவுக்காக இங்கிலாந்து சர்க்கார் தலைவரி போட்டது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் ஒரு ஷில்லிங் கட்ட வேண்டும் என்ற கணக்கு. கூலிக்காரன் வீட்டுக்கும் அதே கணக்கு. கெண்ட், எஸ்ஸெக்ஸ் பகுதிக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்து லண்டனுக்குள் புகுந்தார்கள். வாட் டைலர் அவர்களுடைய தலைவன். ஆண்டான், அடிமை என்ற பிரிவை ஆண்டவன் படைக்கவில்லை என்று ஊர் ஊராகப் பிரசங்கம் செய்த ஜான் பால் என்ற பாதிரியார் அவர்களுடைய குரல். பண்ணையடிமைத்தனம் ஒழிய வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை.

அப்போது 14 வயதுப் பையனாக இருந்த இரண்டாம் ரிச்சர்டு மன்னன் அவர்கள் முன்னால் வந்து கேட்டதெல்லாம் தருவதாக ஒப்புக்கொண்டான். சாசனங்களும் எழுதிக் கொடுத்தான். மறுநாள் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த இடத்திலேயே வாட் டைலர் வெட்டி வீழ்த்தப்பட்டான். சில வாரங்களில் சாசனங்கள் ரத்தாயின. ஜான் பால் தூக்கிலிடப்பட்டார். வாக்குத் தவறிய மன்னனை எந்தப் பிரபுவாவது கேள்வி கேட்டானா? ஒருவன் கூட இல்லை. 18 ஆண்டுகள் அவன் சுகமாக ஆண்டான்.

1399ல் இதே ரிச்சர்டு வேறொரு காரியம் செய்தான். லங்காஸ்டர் கோமகன் இறந்ததும் மகனுக்குச் சேர வேண்டிய அந்தப் பெரும் சொத்தைப் பறிமுதல் செய்தான். அவ்வளவுதான்! இன்று லங்காஸ்டருக்கு, நாளை நமக்கு என்று பிரபுக்கள் நடுங்கினார்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பிய அந்த மகனோடு சேர்ந்துகொண்டார்கள். ரிச்சர்டு முடியிழந்து சிறையில் மாண்டான். பறிகொடுத்தவன் நாலாம் ஹென்றியாக முடி சூடினான். ரத்த உறவின் வரிசைப்படி அவனுக்கு முன்னால் நின்ற ஒரு சிறுவனை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஆயிரக்கணக்கான குடியானவர்களுக்குக் கொடுத்த வாக்கை மீறிய மன்னன் ஆளலாம். ஒரு கோமகனின் சொத்தைத் தொட்ட மன்னன் ஆள முடியாது. இங்கிலாந்து ராஜ பரம்பரையின் எழுதாத சட்டம் இதுவே.

ஒன்றையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். நாலாம் ஹென்றி அந்த லங்காஸ்டர் சொத்தைச் சர்க்கார் சொத்தோடு கலக்காமல் தனியே வைத்துக்கொண்டான். 600 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அது தனியாகவே இருக்கிறது. சமீப ஆண்டுகளில் அதன் உபரி வருமானமாக ஆண்டுக்கு 2 கோடி பவுனுக்கு மேல் மன்னர் சார்லஸின் கைக்குப் போகிறது.

ரத்தத்தின் கதை

பிறகு வந்தது யார்க், லங்காஸ்டர் என்ற இரு குடும்பங்களின் சண்டை. ஒரு மன்னன் இரண்டு முறை முடியிழந்தான். 12 வயதுச் சிறுவன் ஐந்தாம் எட்வர்டு முடி சூடுமுன்பே லண்டன் கோட்டைக்குள் தம்பியோடு மறைந்துபோனான். அவன் சித்தப்பன் மூன்றாம் ரிச்சர்டு மன்னனானான். 1485 ஆகஸ்டு 22ந் தேதி பாஸ்வொர்த் களத்தில் ரிச்சர்டைக் கொன்று ஏழாம் ஹென்றி வந்தான்.

இந்த ஏழாம் ஹென்றியின் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். தன் ஆட்சி ஆகஸ்டு 21ந் தேதியே, அதாவது போருக்கு முந்தின நாளே, தொடங்கிவிட்டது என்று எழுதிவைத்தான். ஏன்? முந்தின நாளே இவன் மன்னனென்றால், மறுநாள் ரிச்சர்டுக்காகப் போரிட்ட பிரபுக்கள் எல்லோரும் ராஜத் துரோகிகள்! துரோகிகளின் நிலத்தைப் பறிக்கலாம். ஒரே ஒரு தேதியைத் திருத்தி எத்தனை எஸ்டேட்டுகளைச் சுருட்டினான் பாருங்கள்!

அந்த ரிச்சர்டின் எலும்புக்கூடு 2012ல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தது. விஞ்ஞானிகள் அதன் மரபணுவை ஆராய்ந்தார்கள். அதே குலத்தின் ஆண் வழி வாரிசுகள் என்று ஏடுகள் சொல்லும், இன்று உயிரோடிருக்கும் சிலரின் மரபணுவோடு ஒப்பிட்டார்கள். 2014ல் முடிவு வெளிவந்தது: தகப்பன் வழி பொருந்தவில்லை. இடைப்பட்ட தலைமுறைகளில் எங்கோ ஓரிடத்தில், ஏடு சொல்லும் தகப்பன் ஒருவன், உண்மைத் தகப்பன் வேறொருவன். எந்தத் தலைமுறை என்பது தெரியவில்லை. அதை வைத்து எந்த மன்னனையும் போலி என்று நாம் சொல்ல வரவில்லை. யாருடைய பிறப்பையும் கேலி செய்வது நம் வேலையல்ல. ஆனால் 'புனித ரத்தம்' என்று சொல்லி மனிதனை மனிதன் மண்டியிட வைத்தவர்களுக்கு, அந்த ரத்தத்தை அளந்து பார்க்கும் கருவி வந்துவிட்டது என்பதை நினைவூட்டுவது நம் வேலைதான்.

மதம் திரும்பியது, நிலம் திரும்பவில்லை

எட்டாம் ஹென்றியின் ஆறு கலியாணங்களைப் பற்றி நாடகமும் சினிமாவும் எத்தனையோ உண்டு. நமக்கு வேண்டியது அவனுடைய மூன்று வாரிசுச் சட்டங்கள். 1534ல் ஒரு சட்டம்: மூத்த மகள் மேரிக்கு உரிமையில்லை, எலிசபெத்துக்கே உரிமை. 1536ல் இன்னொரு சட்டம்: இருவருக்குமே உரிமையில்லை. 1543ல் மூன்றாவது சட்டம்: தம்பி எட்வர்டுக்குப் பின் இருவருக்கும் வரிசையில் இடமுண்டு. குழந்தைகள் மாறவில்லை, ரத்தமும் மாறவில்லை. பார்லிமெண்டு எழுதிய காகிதம் மட்டும் மும்முறை மாறியது. அதைவிடப் பெரிய காரியம், 1536 முதல் 1540 வரை மடாலயங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை அவன் பறித்தது. யுத்தச் செலவுக்காக அந்த நிலங்களை விற்றான். வாங்கியவர்கள் நாட்டுப்புற நிலச்சுவான்தார்களும் வியாபாரிகளும்.

1553ல் கத்தோலிக்க மேரி ராணியானாள். நாட்டை மீண்டும் ரோமாபுரியின் கீழ் கொண்டுபோனாள். சுமார் 300 புராட்டஸ்டண்டுகளைத் தீயிலிட்டாள். பார்லிமெண்டு இந்த மதமாற்றத்துக்குச் சம்மதித்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: மடாலய நிலம் யாரிடம் இருக்கிறதோ அவர்களிடமே இருக்க வேண்டும். போப்பும் ஒப்புக்கொண்டார். மதத்தையே மாற்றும் வல்லமை படைத்த ராணியால் ஒரு பண்ணையைத் திருப்பி வாங்க முடியவில்லை!

மன்னன் இல்லாத 11 ஆண்டுகள்

அறுபடாத வரிசை என்று பேசுகிறவர்கள் 1649 முதல் 1660 வரையுள்ள காலத்தை வேகமாகத் தாண்டிப் போகிறார்கள். நாம் அங்கே சற்று நிற்போம்.

முதலாம் சார்லஸ் 11 ஆண்டுகள் பார்லிமெண்டைக் கூட்டாமல் ஆண்டான். இஷ்டம்போல் வரி வசூலித்தான். கடவுளுக்கு மட்டுமே பதில் சொல்வேன் என்ற சித்தாந்தம் அவனுடையது. 1642ல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. பார்லிமெண்டின் படை வென்றது. 1649 ஜனவரி 4ந் தேதி காமன்ஸ் சபை தீர்மானம் போட்டது: நியாயமான அதிகாரம் அனைத்துக்கும் மூலம் மக்களே. 30ந் தேதி வைட்ஹால் அரண்மனை வாசலில், ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, சார்லஸின் தலை உருண்டது. பிரபுக்கள் சபையையும் கலைத்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. வசந்தம் வந்தது, உழுதார்கள், விதைத்தார்கள்.

ஆனால் வெற்றி யாருடையது? அதற்கு முன்பே, 1647 இலையுதிர் காலத்தில், லண்டனுக்குப் பக்கத்திலுள்ள பட்னி மாதா கோயிலில் படையின் சிப்பாய்களும் தளபதிகளும் உட்கார்ந்து வாதாடினார்கள். மகா ஏழைக்கும் தன்னை ஆளும் ஆட்சியில் குரல் வேண்டும் என்றார் கர்னல் ரெயின்ஸ்பரோ. நிலமோ வியாபாரமோ இந்த நாட்டில் நிலையாக வைத்திருப்பவனுக்கே ஓட்டு என்றார் கிராம்வெல்லின் மருமகன் அயர்டன். இங்கிலாந்துப் புரட்சியின் தலையெழுத்து அந்த வாதத்திலேயே இருந்தது.

மன்னனின் தலை விழுந்த சில வாரங்களில், 1649 ஏப்ரலில், வின்ஸ்டன்லி என்பவரின் தலைமையில் ஏழைகள் சர்ரே ஜில்லாவின் ஒரு தரிசுக் குன்றில் மண்வெட்டியோடு போய்ப் பொது நிலத்தைச் சேர்ந்து பயிரிட்டார்கள். நிலப்பிரபுக்கள் ஆட்களை ஏவிக் குடிசைகளை எரித்து விரட்டினார்கள். மே 17ந் தேதி, சம்பளப் பாக்கியும் உரிமையும் கேட்ட சிப்பாய்களில் மூவரை பர்ஃபர்டு மாதா கோயில் சுவரில் நிறுத்திச் சுட்டார்கள். இரண்டு நாள் கழித்து, மே 19ந் தேதி, இங்கிலாந்து மன்னனில்லாத குடியரசு என்று சட்டம் செய்தார்கள்! அந்த ஆண்டே கிராம்வெல் அயர்லாந்துக்குப் படையெடுத்தார். ட்ரோஹெடாவில் ஆயிரக்கணக்கானோர் வெட்டப்பட்டார்கள். அயர்லாந்துக்காரர்களின் நிலம் பறிபோயிற்று.

மன்னனை வீழ்த்திய சாமானியனை ஒடுக்கிய குடியரசு எத்தனை நாள் நிற்கும்? 1658ல் கிராம்வெல் இறந்தார். அவருடைய இடத்துக்கு வந்தவர் யார் தெரியுமா? அவருடைய மகன்! மன்னன் போயும் பரம்பரை போகவில்லை. மகனால் சமாளிக்க முடியவில்லை. 1660ல் உடைமையாளர்களே இரண்டாம் சார்லஸை அழைத்து வந்து உட்கார வைத்தார்கள்.

சும்மா உட்கார வைக்கவில்லை. மன்னனுக்கு நிலப்பிரபுக்கள் செலுத்தி வந்த பழைய நிலமானியக் கடமைகளை அதே ஆண்டு சட்டம் போட்டு ரத்து செய்துகொண்டார்கள். மன்னனுக்கு அதனால் வந்த நஷ்டத்தை ஈடு செய்தது எது? பீர், சைடர் முதலிய பானங்களின் மீது போட்ட வரி. பிரபுவின் பாக்கியை, நாள் முழுதும் வேலை செய்துவிட்டு ஒரு கோப்பை பீர் குடிப்பவன் தலையில் கட்டினார்கள். ராஜ வம்சம் திரும்பி வந்ததற்கு ஏழை கொடுத்த விலை இது.

காலியான சிங்காதனம்

இரண்டாம் சார்லஸின் தம்பி இரண்டாம் ஜேம்ஸ் கத்தோலிக்கன். ஆப்பிரிக்க அடிமை வியாபாரக் கம்பெனிக்குத் தலைவனாயிருந்து காசு பார்த்தவன். இதற்காக யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் பார்லிமெண்டை மீறிச் சட்டங்களைத் தள்ளிவைத்தான், படையைப் பெருக்கினான். 1688ல் அவனுக்கு ஆண் குழந்தை பிறந்ததும் பிரபுக்கள் பொறுமை இழந்தார்கள். ஹாலந்திலிருந்து அவன் மருமகன் வில்லியத்தைப் படையோடு அழைத்தார்கள். ஜேம்ஸ் ஓடிப்போனான். மன்னன் உயிரோடு இருக்கிறான், மகனும் இருக்கிறான். ஆனாலும் சிங்காதனம் காலி என்று பார்லிமெண்டு தீர்மானித்தது. அதில் வில்லியத்தையும் மேரியையும் நிபந்தனை போட்டு உட்கார வைத்தது.

1694ல் இங்கிலாந்து வங்கி பிறந்தது. யுத்தத்துக்காகச் சர்க்காருக்கு 12 லட்சம் பவுனை 8 சதவீத வட்டிக்குக் கொடுத்தது. பழைய வம்சம் திரும்பி வந்தால் இந்தக் கடன் என்னவாகும்? கடன் கொடுத்த வியாபாரிகளின் முதல் என்னவாகும்? பழைய மன்னனைக் கண்டு நடுங்க மதத்தோடு வட்டியும் ஒரு காரணமாகச் சேர்ந்துகொண்டது.

1700ல் ஆன் இளவரசியின் எஞ்சியிருந்த ஒரே மகன் 11 வயதில் இறந்தான். மறு ஆண்டு பார்லிமெண்டு வாரிசுச் சட்டம் செய்தது. கத்தோலிக்கர்களுக்கு முடி இல்லை. ஜெர்மனியின் ஹானோவரிலுள்ள சோபியாவுக்கும் அவர் சந்ததிக்கும் முடி. ரத்த உறவில் சோபியாவைவிட நெருங்கியவர்கள் 50 பேருக்கு மேல் இருந்தார்கள். அத்தனை பேரையும் ஒரே சட்டத்தில் தள்ளிவிட்டார்கள். 1714ல் சோபியாவின் மகன் முதலாம் ஜார்ஜ் வந்து இறங்கினான். 54 வயது. ஆங்கிலத்தில் பழக்கம் குறைவு. அவனுக்கு அது பெரிய குறையில்லை, அவனை வரவழைத்தவர்களுக்கோ அது வசதி! இன்றைய சார்லஸ் முடி சூடியதும் அந்த 1701ம் வருஷச் சட்டத்தின் பேரில்தான்.

தெய்வம் தந்த முடி என்று வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் எண்ணெய் பூசுகிறார்கள். உண்மையில் அந்த முடிக்கு ஒரு பத்திரம் இருக்கிறது. நிலப்பிரபுக்களும் வட்டிக் கடைக்காரர்களும் வியாபாரிகளும் நிறைந்த ஒரு பார்லிமெண்டு எழுதிக் கொடுத்த பத்திரம் அது.

சக்கரவர்த்தினியும் பஞ்சமும்

1837ல் 18 வயது விக்டோரியா ராணியானார். ஹானோவர் ராஜ்யமோ அவருக்குக் கிடைக்கவில்லை. அங்கே பெண் ஆளக்கூடாது என்ற சட்டத்தால் சித்தப்பனுக்குப் போயிற்று. ஒரே ரத்தம், கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம்!

1848 ஏப்ரல் 10ந் தேதி, ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு கேட்டு சார்ட்டிஸ்டு தொழிலாளர்கள் லண்டன் கென்னிங்டன் மைதானத்தில் கூடினார்கள். ராணியின் குடும்பத்தை அதற்கு முன்பே வைட் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். வீதிகளில் படையும் போலீசும் ஆயிரக்கணக்கில் நின்றன.

1858ல் கம்பெனி ஆட்சி போய் இந்தியா ராணியின் நேரடி ஆட்சிக்கு வந்தது. 1877 ஜனவரி 1ந் தேதி டில்லியில் மாபெரும் தர்பார் கூட்டி, விக்டோரியாவை இந்தியச் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்தார்கள். நம் தமிழ் மண் அப்போது எப்படி இருந்தது? தாது வருஷப் பஞ்சம்! சென்னை ராஜதானியில் மழை பொய்த்து, ஜனங்கள் வழியோரங்களில் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். டில்லியில் சமஸ்தான ராஜாக்களுக்கு விருந்து. சென்னைக்கு வந்த சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரியோ, நிவாரண வேலை செய்பவனுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் அரிசியே போதும் என்று கூலியைக் குறைத்தார். தானியம் கப்பலேறிப் போய்க்கொண்டே இருந்தது. தெற்கிலும் மேற்கிலும் அந்தப் பஞ்சம் 50 லட்சம் உயிர்களுக்கு மேல் கொண்டுபோயிற்று என்று சரித்திராசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். நம் பாட்டன்மார் மனப்பாடம் செய்த பட்டியலில் 'சக்கரவர்த்தினி' என்ற பட்டம் இருந்தது. இந்தக் கணக்கு இல்லை.

பெயர் மாற்றிய வம்சம்

1917ல் முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனிக்கு எதிராக லட்சக்கணக்கான தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கையில், நாட்டின் மன்னனோ சாக்ஸ்-கோபர்க்-கோத்தா என்ற ஜெர்மன் வம்சத்தான். ஜூலை 17ந் தேதி ஐந்தாம் ஜார்ஜ் பிரகடனம் செய்தார்: இனி எங்கள் பெயர் வின்ட்சர்! ஒரு கோட்டையின் பெயர் ஒரே நாளில் குலப் பெயராயிற்று.

அதே ஆண்டு ரஷ்யாவில் ஜாரின் முடி கவிழ்ந்தது. ஜார் நிக்கலஸ் ஐந்தாம் ஜார்ஜுக்கு மிக நெருங்கிய உறவு, இருவரின் தாய்மாரும் உடன்பிறந்த அக்காள் தங்கை. நிக்கலஸுக்கு இங்கிலாந்தில் இடம் தருவதாகச் சர்க்கார் முதலில் ஒப்புக்கொண்டது. அதை எதிர்த்து மன்னரின் காரியதரிசி மந்திரிகளுக்குக் கடிதத்தின் மேல் கடிதம் எழுதினார். நாட்டுத் தொழிலாளர்கள் கொதிப்பார்கள், நம் சிங்காதனமும் ஆடும் என்று பயம்! யோசனை கைவிடப்பட்டது. ரத்த பாசம் சிங்காதனத்தின் படியோடு நின்றுவிட்டது.

1936ல் எட்டாம் எட்வர்டு முடி சூட்டு விழாவுக்கு முன்பே முடி துறந்தார். விவாகரத்தான ஒரு மாதை மணக்க மந்திரிசபை சம்மதிக்கவில்லை என்பது காரணம். டிசம்பர் 11ந் தேதி ஒரு சின்னச் சட்டத்தின் மூலம் மன்னர் மாறிவிட்டார். மறு ஆண்டு அவர் ஹிட்லரின் விருந்தாளியாக ஜெர்மனிக்குப் போய் வந்தார் என்பதையும் சரித்திரம் குறித்து வைத்திருக்கிறது.

வெறும் பொம்மையா?

"அதெல்லாம் பழைய கதை. இன்று மன்னர் வெறும் அலங்காரப் பொம்மைதானே, இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று சிலர் சொல்லலாம்.

எலிசபெத் முடி சூடியது 1953 ஜூன் 2ந் தேதி. அந்த அக்டோபரிலேயே பிரிட்டிஷ் கயானாவில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சேடி ஜகன் மந்திரிசபையை 133 நாளில் கலைத்தார்கள். அரசியல் சட்டத்தையே நிறுத்திவைத்தார்கள். பட்டாளம் இறங்கியது. எந்த ஆயுதத்தால்? பார்லிமெண்டின் சட்டம் தேவைப்படாத ராணியின் உத்தரவால்.

1975 நவம்பர் 11ந் தேதி ஆஸ்திரேலியாவில், கீழ்ச் சபையில் பெரும்பான்மை வைத்திருந்த பிரதமர் விட்லமை ராணியின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் டிஸ்மிஸ் செய்தார்.

நம் இந்துமகா சமுத்திரத்திலேயே சாகோஸ் தீவுகள் உண்டு. அமெரிக்க ராணுவத் தளத்துக்காக 1973க்குள் அந்தத் தீவுகளின் குடிமக்கள் முழுவதையும் அப்புறப்படுத்தினார்கள். 2000ல் லண்டன் கோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2004ல் பார்லிமெண்டில் விவாதமே இல்லாமல், ராணியின் உத்தரவு ஒன்று அவர்கள் வீடு திரும்பும் கதவை மறுபடி அடைத்தது.

மன்னர் தாமாக நினைத்து இவற்றைச் செய்வதில்லை, மந்திரிகள் சொன்னபடி கையெழுத்திடுகிறார் என்பது உண்மை. நாம் சொல்ல வருவதும் அதுவே. மக்களின் பிரதிநிதிகளைக் கேட்காமல் காரியம் முடிக்க ஆளும் வர்க்கத்துக்கு ஒரு பேனா வேண்டியிருக்கிறது. அந்தப் பேனாவின் பெயர் கிரீடம். பொம்மை என்று நாம் நினைப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு.

செலவையும் பார்ப்போம். 2023 பட்டாபிஷேகத்துக்குப் பொதுப் பணத்தில் 7 கோடியே 20 லட்சம் பவுன். ராஜ குடும்பத்துக்கு ஆண்டுதோறும் தரும் மானியம் 2025-26ல் 8 கோடியே 63 லட்சத்திலிருந்து 13 கோடியே 21 லட்சம் பவுனாக உயர்ந்தது. அரண்மனைப் பழுதுபார்ப்பும் அதில் அடக்கம். ஒரு சாதாரணக் குடும்பம் 3 லட்சத்து 25 ஆயிரம் பவுனுக்கு மேல் சொத்து விட்டுச் சென்றால், பொதுவாக அதற்கு மேற்பட்டதில் 40 சதவீதம் வரி. ஆனால் ராணியிடமிருந்து மன்னருக்கு வந்த சொத்துக்கு வரியே கிடையாது, 1993ல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி!

2022 செப்டம்பரில் பிரிட்டனில் விலைவாசி ஓராண்டில் 10 சதவீதம் ஏறியிருந்தது. ரயில் தொழிலாளர்களும் தபால் ஊழியர்களும் கூலிக்காக வேலை நிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள். ராணி இறந்ததும் போராட்டங்களை ஒத்திப் போட்டார்கள். தொழிற்சங்கக் காங்கிரஸின் மகாநாடும் தள்ளிப்போயிற்று. துக்கத்துக்கு மரியாதை செய்வது மனிதப் பண்பு. ஆனால் அந்த நாட்களில் கடைக்காரன் விலையை ஒத்திப் போட்டானா? வீட்டுக்காரன் வாடகையை ஒத்திப் போட்டானா?

2023 மே 2ந் தேதி புதிய பொது ஒழுங்குச் சட்டத்துக்கு ராஜ சம்மதம் கிடைத்தது. நாலு நாள் கழித்து முடி சூட்டு விழாவன்று, மன்னராட்சி வேண்டாம் என்று அட்டை பிடிக்க வந்தவர்களை, ஊர்வலம் தொடங்குமுன்பே போலீஸ் அந்தச் சட்டத்தின் கீழ் பிடித்து அடைத்தது. பிறகு வழக்கில்லை என்று விட்டுவிட்டு வருத்தமும் தெரிவித்தது. விழா முடிந்த பிறகு!

எது பாடம்?

இங்கிலாந்துக்கு மன்னர் வேண்டுமா, வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அந்த நாட்டு மக்கள். இந்தியா 1950 ஜனவரி 26ந் தேதியும், இலங்கை 1972 மே 22ந் தேதியும், பார்படோஸ் 2021 நவம்பர் 30ந் தேதியும் அந்த முடிவைத் தமக்காகச் செய்துகொண்டன. ஆனால் அந்த மன்னர் வரிசை போதிக்கும் பாடம் எல்லா நாட்டு உழைப்பாளிகளுக்கும் பொது.

பிறப்பினால் வந்த உரிமை என்று சொல்லப்பட்ட ஒவ்வொன்றும், உற்றுப் பார்த்தால், யாரோ சிலருடைய சொத்தைக் காக்க யாரோ எழுதிய பத்திரமாகவே இருக்கிறது. 1399லும் 1689லும் 1701லும் 1936லும் எழுதினார்கள், திருத்தினார்கள், கிழித்தார்கள், மறுபடி எழுதினார்கள். மனிதன் எழுதியதை மனிதன் மாற்றலாம்.

1649 இன்னொரு பாடமும் சொல்கிறது. மன்னனின் தலையை எடுத்தவர்கள் நிலப்பிரபுவின் வேலியைத் தொடவில்லை. மண்வெட்டியோடு வந்த ஏழையை விரட்டினார்கள், உரிமை கேட்ட சிப்பாயைச் சுட்டார்கள். 11 ஆண்டுகளில் மன்னன் திரும்பி வந்தான், அந்த வேலியைக் காக்க. முடியை மட்டும் இறக்கிவிட்டு வேலியை விட்டுவைத்தால் நாளைக்கு இன்னொரு தலை அந்த முடிக்குக் கிடைத்துவிடும். அதற்கு மன்னன் என்று பெயர் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

பட்னி மாதா கோயிலில் அந்தச் சிப்பாய்கள் எழுப்பிய கேள்வி 370 ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருக்கிறது: மகா ஏழைக்கும் தன்னை ஆளும் ஆட்சியில் குரல் உண்டா? ஓட்டுச் சீட்டு அதற்குப் பாதி பதில் தந்தது. நிலமும் ஆலையும் வங்கியும் யார் கையில் என்பதில் இருக்கிறது மீதிப் பாதி. அந்தப் பதிலை எந்த வம்சமும் தரப்போவதில்லை. உழைக்கும் மக்கள்தான் தர வேண்டும், தருவார்கள்.